ஆறு இரும்புக் கட்டில்

ஏப்ரல் 14, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் கூடி, மழை வருகிற மாதிரி பாவலா காட்டிவிட்டுப் போய்விட்டது. இன்றைய வேலை: கடை மின்விசிறிக்கு எண்ணெய். மார்சேய் கப்பலில் வந்த சீட்டித் துணியைப் பிரித்துப் பார்க்க. பள்ளிக்கூட வாத்தியார். ஆஸ்பத்திரி.

கடைசி வேலைக்கு முதலில் போனேன். பிரசவக் கூடம் திறந்து இரண்டு மாதம். ஆறு கட்டில், ஆறும் காலி. கட்டிடம் நான் கொடுத்தது. ஸ்பிரிங் வைத்த இரும்புக் கட்டில் பிரான்சிலிருந்து நான் வரவழைத்தது. விரிப்பு கூட என் கடைத் துணி. மடிப்பு கலையவில்லை. வாசலில் வாப்பா பெயர் பொறித்த சலவைக்கல், அதன்மேல் ஒரு பல்லி.

ரோசலி அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். புதுச்சேரிக்காரர், என்னைப் போலவே கப்பலேறிக் கிழக்கே இந்தப் பிரெஞ்சு ஆட்சி ஊருக்கு வந்தவர்; என்னை 'மிசே', அதாவது ஐயா, என்பார். பிரசவம் பார்க்கவென்றே படித்தவர். ஏனம்மா இப்படி என்றேன். "வேற என்னா செய்யச் சொல்றீங்க மிசே? கட்டிலுக்கா பிரசவம் பாக்க முடியும்?"

விரிப்பில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வெள்ளைக்கார டாக்டர் துரை அதற்கு மேல். மாதக் கடைசிக்குள் ஒருத்தியாவது வந்து படுக்காவிட்டால் கூடத்தை மருந்துப் பெட்டி அடுக்கும் அறையாக்கிவிடுவாராம். சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் எரிச்சல்.

ஏப்ரல் 15, புதன்

வெயில். ஏன் வரமாட்டேன் என்கிறார்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் விசாரித்தேன். சேர்ந்தது:

நம் தமிழ்ப் பெண்கள்: டாக்டர் ஆம்பிளை. (ரோசலி அம்மாள்தான் பார்ப்பார் என்று தொண்டை வறளச் சொல்லியாயிற்று.)

சீனர்கள்: நாலாம் நம்பர் கட்டில். நாலு என்றால் அவர்கள் காதில் சாவு என்று விழுமாம். போன மாதமே தகட்டைக் கழற்றி 7 போட்டேன். எண்ணிப் பார்த்தால் அது இன்னும் நாலாவதுதானாம்!

இந்த ஊர்ப் பெண்கள்: நெருப்பு இல்லை. பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் பலகைக் கட்டிலில் படுக்க வேண்டும். அடியில் கரி அடுப்பு கனன்றுகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர் உள்ளே போய்விடுமாம். இந்தப் புழுக்கத்தில் குளிர்.

மூன்றாவது காரணத்தைச் சொன்னவள் என் மனைவியேதான். இதே ஊரில் பிறந்தவள். நிக்காஹ்வுக்குப் பிறகு பெயர் மரியம். நிறைமாதம். இன்றோ நாளையோ.

மின்விசிறி இன்னும் கிறீச்.

ஏப்ரல் 16, வியாழன்

பள்ளிக்கூடம் போனேன். நம் பிள்ளைகள் படிக்கட்டும் என்று போன வருடம் உலக உருண்டை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார் வாத்தியார். மேலே துணியுறை வேறு.

"தொட்டா பெயிண்டு போயிரும் மரைக்காயரே. இன்ஸ்பெக்டர் துரை வர்றப்ப எடுத்துக் காட்டலாம்."

"பிள்ளைங்களுக்கு?"

"அதுங்களுக்குத் தூரத்துலேந்து காட்டிருக்கேன்."

கத்திவிட்டேன். பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். வெளியே வந்ததும் வெட்கமாக இருந்தது. நம் காரைக்கால் இருக்கிற இடம் தெரியாமல் தூரத்திலிருந்து பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன.

ஏப்ரல் 17, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வீடு. நெத்திலிக் குழம்பு. உப்பு அதிகம், சொல்லவில்லை. ஏனென்றால் மரியத்திடம் கேட்க வேண்டியது வேறு. நீ வந்து படு, நீ வந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்றேன்.

"அடுப்பு வைப்பாங்களா?"

"ஆஸ்பத்திரியில எப்படி வைப்பாங்க?"

"அப்ப இல்ல, ஓங்."

நல்ல மனநிலையில் இருந்தால் 'அன்' என்பாள், கணவனைப் பிரியமாகக் கூப்பிடுவது. கோபத்தில் 'ஓங்'. அவள் பாஷையில் கிழவனாருக்குச் சொல்லும் மரியாதை. எனக்கு வயது முப்பத்தெட்டு.

"வாசல்ல கல்லுல யாரு பேரு? உங்க வாப்பா பேரு. பெத்துக்கப் போறது நானு."

சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தேன். குழந்தைத்தனம்தான்.

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். முதல் பிள்ளை இதே வீட்டில்தான் பிறந்தது. மருத்துவச்சிக் கிழவி தொப்புள்கொடியை மூங்கில் சிம்பால் அறுத்தாள். இந்த ஊர் வழக்கம். எட்டாம் நாள் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. பால் இறங்கவில்லை. பிறகு கைகால் இழுத்துக்கொண்டது. பெயர்கூட வைக்கவில்லை, அதற்குள் போய்விட்டது. பிறகு டாக்டர் துரைதான் சொன்னார், அழுக்குச் சிம்பு உள்ளே விஷத்தை ஏற்றிவிட்டது என்று. அந்த மூங்கிலைச் சீவிக் கொடுத்தவர் மரியத்தின் தாயார். இதை நான் எந்த வாயால் சொல்வேன். சொல்வதற்குப் பதில் கட்டிடம் கட்டினேன்.

ஏப்ரல் 18, சனி

டாக்டர் துரையைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு. நான் கொடுத்த பெஞ்சில் நானே. ஒரு கால் ஆடுகிறது.

ஒரே ஒரு அடுப்பு, ஒரே ஒரு கட்டிலுக்கு அடியில், என் மனைவிக்கு மட்டும் என்று கேட்டேன். "இது ஆஸ்பத்திரி, மிசே. அடுக்களை இல்லை." கரிப்புகை பச்சைப்பிள்ளைக்கு ஆகாதாம், மெத்தை பற்றிக்கொள்ளுமாம். அவர் சொன்னது நியாயம்தான். அதனால் இன்னும் கோபம். சரி, செங்கல்லைச் சூடாக்கித் துணியில் சுற்றி வைக்கலாமா? அதுவும் கூடாது. கூடவே தாயாராவது தங்கலாமா? கூடாது. துணி வியாபாரத்தைப் பற்றித் தாம் எனக்குப் பாடம் எடுப்பதில்லையே என்றார்.

திரும்பி வரும்போது ரிக்‌ஷாக்காரனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

தூறல், ஐந்து நிமிடம். வீட்டில் பலகைக் கட்டில் வந்து இறங்கியிருக்கிறது. மூன்று கூடை கரி. மாமியார் அடுப்பைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "சொய் ஓய்!" என்று, ஐயோ தெய்வமே என்கிற மாதிரி, தலையில் கை வைத்துச் சிரித்தார். பாவம், நல்ல மனுஷி. மூங்கில் எங்கேயாவது கிடக்கிறதா என்று வீடு முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்காதது இன்னும் பயம்.

மரியத்திடம் இன்று சொல்லிவிடுவது என்று போனேன். மாமியார் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். இருவரும் ஏதோ பேசிச் சிரிப்பு. திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கடையில் ஒரு கத்தரிக்கோலைக் காணோம். நூல் வெட்டுகிற சின்னது, புதுசு, டப்பாவிலிருந்து எடுத்த மறுநாளே மாயம். நான்கு குமாஸ்தாக்களையும் நிற்க வைத்துக் கேட்டேன். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் கொடுக்கிறவன் கடையிலேயே திருட்டு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.



ஏப்ரல் 22, புதன்

காலை பத்தரைக்கு வீட்டிலிருந்து ஆள். ஓடினேன். செருப்பு ஒன்று வழியில் போயிற்று.

வாசலிலேயே கரிப்புகை. மாமியார் அடுக்களையில் பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே விடவில்லை. முற்றத்தில் நடந்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. நண்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது அழுகை. பிள்ளையின் அழுகை.

கதவைத் திறந்து வந்தவர் ரோசலி அம்மாள்! கையில் வெள்ளைத் துணி. துணியில் என் கடைக் கத்தரிக்கோல்.

"அரை மணி நேரம் கொதிச்சது மிசே. பெண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

"நீங்க எப்படி இங்க?"

"வாரத்துல ஒருநா எனக்கு லீவு. ஆஸ்பத்திரிச் சாமானை வெளிய எடுக்கக் கூடாதுன்னு துரை பூட்டிட்டார். அதான் உங்க வீட்டம்மாவே கத்தரி ஏற்பாடு பண்ணாங்க."

உள்ளே போனேன். கட்டிலுக்கடியில் நெருப்பு. ரோசலி அம்மாள் எல்லா ஜன்னலையும் திறந்து போட்டிருந்தார். அவருக்கும் மரியத்துக்கும் அப்படியொரு ஒப்பந்தமாம். பிள்ளை தள்ளி, தொட்டிலில். மரியம் வியர்த்துப்போய், ராணி மாதிரி படுத்திருந்தாள்.

"மூங்கில்னு எனக்குத் தெரியும் அன். அம்மாவுக்கும் தெரியும். ரெண்டு பேரும் அழுதாச்சு. நீங்க மட்டுந்தான் மூடி மூடி வச்சீங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டது கட்டிலப் பத்தி. கத்தரிக்கோலப் பத்தி யாரு கேட்டா?"

கோபம் வந்தது. கண்ணீரும் வந்தது. பிள்ளையைக் கையில் வாங்கியதும் எது எதற்காக என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. காதில் பாங்கு சொன்னேன். குமாஸ்தாக்களிடம் நாளை மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 24, வெள்ளி

கேட்டேன். ஒருத்தர் மட்டும் முகம் கொடுத்துப் பேசினார்.

டாக்டர் துரைக்கு விஷயம் போய்விட்டது. ரோசலி அம்மாளைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். கூடத்து நர்சு வீடு வீடாகப் போகக் கூடாதாம். நான் போய்ச் சொன்னேன்: கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த அம்மாளை வெளியே விடுங்கள். மருத்துவச்சிக் கிழவிகளுக்கு எல்லாம் கத்தரிக்கோல் நான் தருகிறேன், இவர் கொதிக்கவைக்கக் கற்றுக்கொடுக்கட்டும். பெருந்தன்மையைக் குறைத்துக்கொள்ளுங்கள் மிசே என்றார்.

கட்டிடம் என்றால் வாங்கிக்கொள்கிறார்கள். கத்தரிக்கோல் என்றால் சிரிக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக் காரைக்கால் குமாஸ்தாவின் மனைவியும் மாமியாரின் சொந்தக்காரி ஒருத்தியும் வந்து பிள்ளையைப் பார்த்தார்கள். 'கத்தரிக்கோல் அம்மா' லீவு நாள் எது என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

ஏப்ரல் 27, திங்கள்

ஆறாம் நாள். வேலையில் மனம் ஓடவில்லை. இரண்டு முழம் கேட்டவருக்கு மூன்று முழம் வெட்டிவிட்டேன். நான்கு தடவை வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் வாயைப் பார்த்தேன்.

"ஓங்! அவ தூங்கட்டும்."

பள்ளிக்கூட வாத்தியார் வாழ்த்துச் சொல்ல வந்தார். உருண்டையை வெளியே வைத்துவிட்டாராம். சாவியைக் காட்டினார். எனக்கு அதில் எல்லாம் புத்தி போகவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

ஏழு. ஒன்றும் எழுத முடியவில்லை.

ஏப்ரல் 29, புதன்

விடிந்ததிலிருந்து மழை. உண்மையான மழை. எட்டாம் நாள். கடைக்குப் போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தான், தலையில் கோணியோடு. நாளைக்கு மருந்துப் பெட்டிகள் வருகின்றனவாம். ஆறு கட்டிலையும் எங்கே அனுப்பட்டும் என்று டாக்டர் துரை கேட்டுவரச் சொன்னாராம். இரு என்றேன்.

மாமியார் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரை. யாருக்கும் உள்ளே போகக் கால் வரவில்லை. மரியம்தான் கூப்பிட்டாள்.

குடிக்கிறாள். பிள்ளை சத்தம் வரக் குடிக்கிறாள். வலிக்கிறது என்று மரியம் திட்டுகிறாள். ஆள் இன்னும் வாசலில் நிற்கிறான். நிற்கட்டும்.