வலது பக்கம் தேய்ந்த வட்டம்

ஜூன் 8, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். மாடி அறை ஒழுகவில்லை, நல்லவேளை. கோபியின் ட்ரம் செட்டைத் துடைத்தேன். எதையும் ஓர் அங்குலம்கூட நகர்த்துவதில்லை. தம்பி போய் மூன்று வருடம். அவன் விட்டுப்போனபடியே எல்லாம்.

லெனி மேடம் கொடுத்த வீட்டுப்பாடம்: முன்னால் இருக்கும் சின்ன ஸ்னேர் ட்ரம்மில் இரண்டு கம்பி பிரஷ். இடது கை வட்டம், வலது கை தட்டு. பெங்களூரு ஹோட்டல்களிலும் கப்பலிலும் முப்பது வருடம் ஜாஸ் வாசித்தவர். என் வயதுதான், ஐம்பத்திரண்டு. அவர் வீட்டில், பயிற்சி ரப்பர் பலகையில் ஒழுங்காக வருகிறது. இங்கே உட்கார்ந்தால் கை குழம்புகிறது.

வாங்க: அரிசி, கொசுவர்த்தி, மனைவி வசந்தாவின் முழங்காலுக்குத் தைலம்.

ஜூன் 10
கொள்ளேகாலிலிருந்து அக்கா போன். வழக்கம்போல, "அந்த ட்ரம்மை யாருக்காச்சும் குடுத்துருடா."

சாயங்காலம் நான் தொடாமலே ஸ்னேர் 'ஸ்ஸ்' என்றது. கீழே குக்கர் விசில். மறுபடி விசில், மறுபடி 'ஸ்ஸ்'. பயந்துதான் போனேன். "கோபி" என்றேன். அதற்கும் லேசாக அதிர்ந்தது.

கீழிருந்து வசந்தா: "யாருகிட்டங்க பேசிட்டிருக்கறீங்க?"

"யாருமில்ல."

ஜூன் 12
லெனி மேடத்திடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "அடியில கம்பி இருக்குல்ல சார், எந்தச் சத்தத்துக்கும் நடுங்கும். பக்கத்து லீவரைத் தள்ளுங்க, நின்னுடும்."

தள்ளவில்லை.

எதற்காகக் கற்கிறேன் என்று கேட்டார். முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அன்று ஞாயிறு. கோபி மாடியிலிருந்து கூப்பிட்டான். "அண்ணா, ஒரு நிமிசம் மேல வா. இதைக் கேளு." எனக்கு டிவியில் மேட்ச். "அப்புறம் வர்றேன்டா." செவ்வாய் காலை அவனுக்கு நெஞ்சுவலி. அவ்வளவுதான். என்ன வாசித்தான் என்று இன்றுவரை தெரியாது.

லெ.: "ஞாயித்துக்கிழமை வந்து செட்டைப் பாக்கறேன்."

ஜூன் 15, ஞாயிறு
எங்கள் மண்டி மொஹல்லா சந்தில் ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லாமல் லெ. பத்து நிமிடம் சுற்றினார். மேலே வந்து, உட்காராமல் செட்டையே பார்த்தார்.

"உங்க தம்பி எடக்கையா?"

ஆமாம். சாப்பிடுவதைத் தவிர எல்லாம் இடது கை. அதுவும் அப்பாவிடம் அடி வாங்கி மாறியது.

"ஹௌதா? அப்படியா? அய்யோ சார், செட்டே திருப்பிப் போட்டிருக்கு. ரெண்டு மாசமா அவர் கையை உங்க கையில மாட்டிட்டிருக்கீங்க."

ஸ்னேரின் வெள்ளைத் தோலில் வலது பக்கம் ஒரு வட்டம் தேய்ந்து கறுத்திருக்கிறது. நானும் அதன் மேலேயே பிரஷை ஓட்டிக்கொண்டிருந்தேன். லெ. விரலால் தடவினார். "அவருக்கு வலது கை வட்டம். மெதுவான பாட்டு. அழுத்தமே இல்ல. நல்ல கை."

"அன்னிக்கு என்ன வாசிச்சான்?"

"அது தோல்ல இருக்காது சார். நீங்க வாசிக்கணும்னா செட்டைத் திருப்பணும். அவர் வெச்ச மாதிரியே இருக்கணும்னா துடைச்சிட்டே இருங்க. ரெண்டும் முடியாது."

கோபம் வந்தது. காபி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. வசந்தாதான் கொடுத்தாள்.

ஜூன் 17
மழை. மாடிக்குப் போகவில்லை. கீழே குக்கர் விசில் வந்தால் தலை தானாக மேலே நிமிர்கிறது.

ஜூன் 21, சனி
திருப்பினேன். வசந்தா ஒரு பக்கம் பிடித்தாள். ஸ்டாண்டு நின்ற இடத்தில் தரையில் துருக்கறை; அதை மட்டும் துடைக்கவில்லை. ஸ்னேரையும் சுற்றி வைத்தேன். வட்டம் இப்போது இடது பக்கம். கொஞ்சம் அழுதேன். வசந்தா பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு
பதினொரு மணி. நல்ல வெயில். இடது கை வட்டம், வலது கை தட்டு. நான்கு சுற்று தடுக்காமல் வந்தது. நிஜமாகவே வந்தது! படியருகே ஓடிப்போய்க் கத்தினேன்: "வசந்தா, ஒரு நிமிசம் மேல வா. இதைக் கேளு."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

"குக்கரை எறக்கிட்டு வர்றேனுங்க."

பிரஷ் இரண்டும் மடியில். காத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். முதல் விசில், ஸ்னேர் 'ஸ்ஸ்'. இரண்டாவது. படியில் இன்னும் காலடி இல்லை.

அவன் எவ்வளவு நேரம் இப்படி உட்கார்ந்திருந்தான்?