மாடிக் கூரைக்கு நான் சொன்ன தொகை

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் கூரை வேலை செய்யும் அண்ணாச்சி மாடியில் ஏறிப் பார்த்தார். ஓடு மாதிரியே தெரியும் பிளாஸ்டிக் ஷீட்டுகளில் நாலைந்து வெடித்திருக்கின்றன. அவற்றை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தேன்.

"இந்த மாடல் இப்பம் வாரதில்லம்மா. உப்புக்காத்து கம்பியையும் தின்னுட்டு. மொத்தமா கழட்டணும். ரெண்டரை லட்சம் ஆவும்" என்றார்.

செலவு ஒரு லட்சத்துக்குள் என்றால் பாதி தருவதாகத் தம்பி சொல்லியிருந்தான். அதற்கு மேல் போனால் வீட்டை விற்றுவிட்டு அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போய்விடுவானாம். அம்மாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. நான் கீழே இறங்கியதும் என் முகத்தையே பார்த்தாள். எண்பதாயிரம் என்று சொல்லிவிட்டேன்.

"அவ்வளவுதானா? இதுக்கா ஏளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று சிரித்தாள். உடனே தம்பிக்குப் போன் போட்டாள். "ஏலே, எண்பதாயிரந்தானாம். ஒன் அக்காவே பாத்துக்கிடுவா. நீ ஒண்ணும் அனுப்ப வேண்டாம்."

போனை என்னிடம் நீட்டினாள். "அப்ப நீயே பாத்துக்கிடுதியாக்கா?" என்றான். அம்மா பக்கத்திலேயே நின்றாள். சரி என்றேன்.

அவளுக்காகத்தான் பொய் சொன்னேனா என்று தெரியவில்லை. அவள் போய்விட்டால் எனக்கும் இங்கே யாருமில்லை.

இரவு அம்மா இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள். அண்ணாச்சி நாளை அட்வான்ஸ் வாங்க வருகிறார். தெருமுனையிலேயே அவரைப் பார்த்துப் பேசிவிட வேண்டும். மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர்.