ஐம்பதாவது தடவை

அக்கா பெற்ற அருமை மருமகளே,

உன் மாமா சுகம். புலிக்கு என்ன குறை?

நாற்பத்தொன்பது தடவை ரத்தம் கொடுத்தவன் நான். ஐம்பதாவது தடவை கொடுத்தால் தங்கப் பதக்கம். சனிக்கிழமை மொக்போ நகர ரத்ததான நிலையத்துக்குள் நுழைந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. கூட்டம் என்றால் மூன்று பேர். ரத்தம் பொங்கட்டும் என்று, காலையிலேயே பன்றி ரத்தம் அடைத்த குடல் இரண்டு தட்டு தின்றுவிட்டுத்தான் போயிருந்தேன்.

நர்ஸ் பெண் விரலில் குத்திப் பார்த்தாள்.

"அப்பா, இன்னைக்கு எடுக்க முடியாது. ஹீமோகுளோபின் பத்தரைதான் இருக்கு."

"என் ரத்தம் கெட்டிம்மா, உன் மெஷின் திணறுது. ஒரு தட்டு தட்டிப் பாரு."

"ரெண்டு தடவை பாத்தாச்சு. போன தடவை பதினாலு இருந்துச்சே. வயித்து வலி உண்டா? வெளிக்கு கறுப்பா போகுதா?"

மூன்று பேர் முன்னால் இப்படிக் கேட்டால் ஒரு வீரன் என்ன செய்வான்? சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் விரட்டியதால் ஆஸ்பத்திரிக்குப் போனேன்; வருகிற செவ்வாய்க்கிழமை அங்கே வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். என் குடலைப் பார்க்க டாக்டருக்கு அவ்வளவு ஆசை! மயக்க மருந்து தருவதால் காப்பாளர் ஒருவர் கூட வந்தே ஆக வேண்டுமாம். படிவத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். அத்தைக்குச் சொல்லாதே, அழுவாள்.

எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிடு. உனக்குப் பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள். நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

ஐம்பதுக்கு ஒன்று குறைந்த
உன் மாமா