கடலைப் பார்த்த மூன்றாம் மாடி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

வீடு பார்த்துக் குடியும் வந்துவிட்டேன். நீங்கள் வந்து தங்க வசதி என்று நாம் பேசிவைத்த, லிஃப்ட் உள்ள புதுநகர் வீடு அல்ல. இது பழைய கோட்டைக்குள், மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்ததும் கடல், புத்தி கெட்டுவிட்டது.

"வேற யாராச்சும் வருவாங்களா?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார்.

"நான் மட்டும்தான்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கும்போதுதான் படிகளை எண்ணினேன். ஐம்பத்தெட்டு. கைப்பிடியும் இல்லை.

உங்கள் பழைய வேட்டி ஒன்று அனுப்புங்கள். ஜன்னலுக்குத் திரை போட வேண்டும். அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. திட்டுவதானால் போனில் திட்டுங்கள், குரலாவது கேட்கும்.

உங்கள் மகள்