ஆமாம் என்றால் ஒரு தட்டு

மார்ச் 4

இன்றும் மாமியார் குரல்தான். இரண்டு பக்கம் வசவு, நான்கு டேக். டப்பிங்குக்கு வந்த நாளிலிருந்து ஊரில் உள்ள கொடுமைக்காரிகள் எல்லாரும் என் தொண்டையில்தான் குடியிருக்கிறார்கள்.

பக்கத்து அறையில் என் கூடப்பிறந்த அக்கா; வீடும் எங்களுக்கு எதிர்வீடுதான். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அறுபத்தொரு வயது, முழங்காலில் பட்டை, மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில் ஒட்டுப்போட்டிருந்தது. ஹெட்போனை எடுத்து மாட்டினேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி மழையைப் பார்த்துச் சிரித்தாள். கையெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அந்தக் கார்ட்டூன் சிறுமியை நாங்கள் ‘குட்டி’ என்போம். அவளுக்குப் பதினொன்று ஆவதே இல்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் குட்டிக்குக் குரல் பார்த்தபோது அக்காவும் நானும் ஒரே நாளில் போய் நின்றோம். அக்காவை எடுத்தார்கள். அன்றிலிருந்து கேட்கிறேன், இன்னும் சிலிர்க்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

மார்ச் 5

குளியலறையில் குட்டி மாதிரிச் சிரித்துப் பார்த்தேன். வெளியே இருந்து இவர், “என்ன, தொண்டையில ஏதாவது மாட்டிக்கிச்சா?” என்றார்.

மார்ச் 11

அக்கா மைக்குக்கு வெளியே யாரோடும் பேசமாட்டாள். எல்லாம் துண்டுச்சீட்டுதான். தலைக்கனம் என்று ஊரே சொல்லும், நானும்தான் சொல்லியிருக்கிறேன். இன்று டீ குடிக்கும்போது வெட்கத்தை விட்டு நேராகவே கேட்டேன்: “எப்படிக்கா இன்னும் இந்தக் குரல்?”

வசனத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். பேசாதே. கத்தாதே. வாய்விட்டு அழாதே. சிரிப்பு மைக்குக்கு மட்டும்.

“உன் வீட்டுக்காரர் போனப்போ கூடவா?”

அப்போதும், என்று எழுதினாள்.

அன்றைக்கு அவள் வாயில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அதிர்ச்சியில் அப்படி இருக்கிறாள் என்று நினைத்திருந்தோம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் பயமாவது. கைகூப்பத் தோன்றியது. என்ன பெண் நான்?

ஏப்ரல் 2

குட்டி தொடரை முதலிலிருந்து மறுபடி எடுக்கிறார்களாம். அக்டோபரில் குரல் தேர்வு. அக்காவும் வந்து பேசிக் காட்ட வேண்டுமாம்.

இன்றிலிருந்து நானும் பேசுவதில்லை. வீட்டில் விதிகளை எழுதி ஒட்டிவிட்டேன். ஒரு கைத்தட்டு என்றால் ‘இந்தப் பக்கம் பாருங்க’. போனில் ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. இவர் நின்று நிதானமாகப் படித்தார். “இருபத்தெட்டு வருஷ வேண்டுதல், இன்னிக்குத்தான் பலிச்சிருக்கு.”

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். முதல் நாளே கஷ்டம்.

ஜூன் 30

மாமியார் குரலில் கரகரப்பு போய்விட்டது என்று டைரக்டர் திட்டினார். வீடு வரும்வரை கால் தரையில் படவில்லை.

ஆகஸ்ட் 14

வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள். காய்ச்சல் என்றாள். ஒரு தட்டு தட்டினேன். “ஒரு வார்த்தை பேசும்மா,” என்றாள். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்பதற்கு எங்களிடம் தட்டு இல்லை.

செப்டம்பர் 8

சவுண்ட்காரர் யாருக்கும் சொல்லாமல் என்னைக் குட்டியாகப் பேசவைத்து, ஒரு டேக் பதிவு செய்து போட்டுக் காட்டினார். சத்தியமாக அது நான் இல்லை. ஐம்பத்துநாலு வயது எங்கே போயிற்று? மூன்று முறை கேட்டேன். நானே அந்தக் குட்டிக்குப் பணிந்து நிற்பதுபோல் இருந்தது.

செப்டம்பர் 20

எழுதிவிட்டால் நல்லது.

மதியம் இவர் கூடத்தில் ஏணி போட்டு டியூப்லைட் மாற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் தரை துடைத்திருந்தேன். ஏணியின் ஒரு கால் ஈரத்துணி மேல் நின்றதை நான் பார்த்தேன். பார்த்தேனே — ‘அசையாதீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கை தட்டினேன்.

ஒரு தட்டு. இந்தப் பக்கம் பாருங்க. அவர் பார்த்தார், பாவி மனுஷன், விதிப்படி திரும்பிப் பார்த்தார்.

கீழே கிடந்தார். கால் கோணலாக இருந்தது. வாயைத் திறந்தேன். இன்னும் மூன்று வாரம்தானே என்று உள்ளே ஒன்று சொன்னது. அதை நான் கேட்டேன். என்னை என்ன செய்தால் தகும்?

எதிர்வீட்டில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டுத் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் பால்கனிக்கு வந்து என் ஜன்னலைப் பார்த்தாள். நான் தரையைக் காட்டினேன்.

அப்போது ஒரு சத்தம் வந்தது. “யாராவது மேல ஓடுங்க, ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, என் தங்கச்சி வீடு, ஓடுங்க!” தெரு முழுக்க நின்றுவிட்டது. அது குட்டி இல்லை. பெரிய மனுஷியின் தொண்டை, இருபத்திரண்டு வருடத்தையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வந்தது. ஆட்கள் படியேறி வரும்வரை அவள் நிறுத்தவில்லை. அதைப்போல ஒரு குரலை நான் எந்த ஹெட்போனிலும் கேட்டதில்லை.

செப்டம்பர் 24

இடுப்பில் ஆபரேஷன் முடிந்தது. “நீ கூப்பிட்டன்னு திரும்பினேன்,” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை.

அக்காவின் குரல்நாணில் இரத்தம் கட்டிவிட்டதாம். பழைய குரல் இனி வராது என்று டாக்டர் சொன்னார். அவள் கட்டைக் குரலில், “போனா போகட்டும், எழுதி எழுதி கை வலிச்சுப்போச்சு,” என்றாள். நர்ஸ் சிரித்தாள். நான் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அக்டோபர் 13

தேர்வுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். மைக் முன் நின்றதும் குரல் தானாக வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் அசையவில்லை. சவுண்ட்காரர் கண்ணைத் துடைத்தார். குட்டி எனக்கு.

அக்டோபர் 21

பழைய மாமியார் வசனம் ஒன்று பாக்கி. எவ்வளவு முயன்றும் வரவில்லை. குழந்தை ஒன்று புடவை சுற்றிக்கொண்டு திட்டுவதுபோல் இருந்தது. வேறு ஆள் பார்த்துவிட்டார்கள்.

நவம்பர் 2

அக்கா தினமும் போன் செய்கிறாள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. யார் கல்யாணத்தில் யார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், அவள் வீட்டுக்காரர் எப்படிக் குறட்டை விடுவார் — இத்தனை வருடம் சேர்த்து வைத்தது எல்லாம் வருகிறது. இடையில் தகரத்தை இழுப்பதுபோல் சிரிக்கிறாள். நேற்று அவரை நினைத்து ‘ஓ’வென்று அழுதாள். நான் தட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று கேட்டாள்: “குட்டி உனக்கு வந்துட்டா. சந்தோஷமா இருக்கியாடி?”

இரண்டு தட்டினேன்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. கட்டிலில் படுத்திருந்த இவர் தட்டை எண்ணியிருக்க வேண்டும். “அவகிட்டயாவது வாயால சொல்லு,” என்றார்.

“இல்லக்கா,” என்றேன். பத்து வயதுக் குரலில் வந்தது.

“உன் குரல்ல சொல்லு,” என்றார்.

மறுபடி சொன்னேன். மறுபடியும் குட்டிதான் பேசினாள். அக்கா போனை வைக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தாள். இவரும் காத்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு முறை வாயைத் திறந்தேன்.