அக்காவின் ராகிச் சேறு

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் மாமியார் வீட்டில் உன்னை இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். செத்த பிறகாவது விட்டுவிடுவார்கள் என்றுதானே நினைத்திருப்பாய்?

நடந்ததைச் சொல்கிறேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. உன் மகள் பாப்பா, நீ காட்டும் விளையாட்டைக் கேட்டுத்தான் அழுதாள். தாம்பாளத்தில் ராகிமாவைக் கரைத்துச் சேறு செய்வாயே, எருமை பொம்மையை அதில் புரளவிட்டு அவள் முழங்கை வரை அப்பிக்கொள்வாளே, அதுதான். வறுத்த ரவை ஆட்டுக்கு மணல், பொரி கோழிக்கு இரை. ரெண்டு வயசுப் பிள்ளை எதையும் வாயில் வைக்கும், தட்டில் இருப்பதெல்லாம் தின்கிற பொருளாக இருக்கணும் என்பாய். என்னிடம் சொன்னாய். மச்சானிடம் சொன்னாயா?

மச்சானும் ஆசையாகத்தான் செய்தார். பிள்ளை அழுகிறாளே என்று தன் கோழிப்பண்ணையிலிருந்து தீவனத்தை அள்ளிவந்து தாம்பாளத்தில் கொட்டி, கோழி பொம்மைகளை நிற்க வைத்தார். மருந்தும் கருவாட்டுத்தூளும் கலந்த தீவனம். பாப்பா வழக்கம்போல ஒரு கை அள்ளித் தின்றுவிட்டாள். வாந்தி நிற்கவில்லை. நாமக்கல்லில் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள்.

நான் ஓடிப்போனபோது, பார்க்க வந்த சனத்திடம் உன் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார்: "சோத்துச் சாமான்ல வெளையாடப் பழக்குனது ஆருங்க? எல்லாம் போய்ச் சேந்தவ பண்ணுன வேலைங்க."

மச்சான் பக்கத்திலேயே நின்றார், தீவனத்தைக் கொட்டியது தான்தான் என்று சொல்லவில்லை. ஒரு கோழி சுணங்கினால் டாக்டருக்குப் போன் மேல் போன் போடுகிற மனுஷன்! வெளியே கூட்டிப்போய்க் கேட்டேன்.

"அம்மாகிட்ட எப்படி அம்மணி சொல்றது? அவதான் போயிட்டாளே, இனி அவளுக்கென்ன?"

அவளுக்கென்ன. கேட்டுக்கொள் அக்கா.

பொம்மைகளைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார்கள். இப்போது பாப்பா கையில் போன்தான். சேவல் கூவுவதும் எருமை கத்துவதும் அதில்தான். கை சுத்தமாக இருக்கிறது, அந்த வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. உன்மேலும் எனக்குக் கோபம்தான். இவர்களிடம் அவளை விட்டுவிட்டு எப்படிப் போனாய்?

போன ஞாயிறு அவளை ராசிபுரத்துக்கு, நம் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ராகி கரைத்தேன். புதுசாக வாங்கிய எருமையை வைத்தேன். பாப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரே ஒரு விரலைச் சேற்றில் வைத்தாள். உடனே இன்னொரு கையால் அந்தக் கையைத் தானே பட்டென்று அடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அழக்கூட இல்லை அக்கா.

யார் சொல்லிக்கொடுத்த அடி என்று நான் கேட்கவும் வேண்டுமா?

யார் என்ன சொன்னாலும் சரி, ஞாயிறு தவறாமல் அவளை இங்கே கூட்டிவருவேன். தாம்பாளத்துக்கு முன்னால் அவளை மடியில் வைத்து, அந்த அடிக்கிற கையை நான் பிடித்துக்கொள்வேன். மற்ற கை சேற்றில் இறங்குகிறவரை விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
பாப்பாவின் சித்தி