இரண்டு முறை கொதித்த தண்ணீர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் துணையில் நீயும் மருமகனும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்த முறை அந்த வரி கையில் வரமாட்டேன் என்கிறது. போனில் அப்பா ஏன் பேசுவதில்லை, அம்மா குரல் ஏன் கம்மிக் கிடக்கிறது என்று நீ கேட்டபோதெல்லாம் சளி என்று சொல்லி மழுப்பினேன். சளி இல்லையம்மா. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

சரிவுக்குக் கீழ் வீட்டுத் தையல்காரி, உன் கல்யாண ரவிக்கையை மூன்று தரம் பிரித்துத் தைத்தாளே அவள்தான், பல வருஷம் காத்திருந்து ஆண் குழந்தை பெற்றாள் என்று எழுதியிருந்தேன் அல்லவா. அவளுக்குப் பால் போதவில்லை, பால்பவுடர்தான் கரைத்துக் கொடுத்தாள். குழந்தை அடிக்கடி சிணுங்குகிறது அக்கா என்று என்னிடம் வந்து நின்றாள். நான் பெரிய மனுஷி மாதிரி, தண்ணியை ஒரு தரம் இல்ல, ரெண்டு தரம் நல்லாக் கொதிக்க வெச்சுக் கரைம்மா என்று சொல்லி அனுப்பினேன். அவளும் அப்படியே செய்தாள். பத்து நாளில் குழந்தையின் உதடும் நகமும் நாவற்பழம் தின்ற மாதிரி நிறம் மாறிவிட்டன. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். அந்த ஒன்பது நாளும் நான் சாமி முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்கவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது. டாக்டர்தான் தண்ணீரைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

தண்ணீர் சோதிக்கிற பெண் ஒருத்தி வந்து அவள் கிணற்றிலும் நம் கிணற்றிலும் பாட்டிலில் பிடித்துப்போனாள். இரண்டிலும் நைட்ரேட் அளவுக்கு மீறி இருக்கிறதாம். சாணியிலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் உண்டாகி மழையோடு மண்ணுக்குள் இறங்குகிற உப்பாம். நாக்குக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் செய்யாது, கைக்குழந்தைக்கு ரத்தத்தில் பிராணவாயு ஏறாமல் செய்துவிடுமாம். கொதிக்க வைத்தால் போகாதா என்று நான்தான் கேட்டேன். தண்ணிதான் வத்தும்மா, உப்பு வத்தாது, கொதிக்கக் கொதிக்க இன்னும் கூடும் என்றாள். அப்போது கையில் இருந்த தம்ளரை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை.

உனக்குத்தான் தெரியுமே, பால் எத்தனை லிட்டர், சாணி எத்தனை வண்டி, மழை எத்தனை விரல் என்று நான் தினமும் நோட்டில் எழுதுவது. உங்கம்மா கிட்ட இருந்து மழைகூட தப்பிக்க முடியாது என்று அப்பா கேலி செய்வாரே. அந்த நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு படித்தேன். நீ போகும்போது நமக்குப் பதினோரு மாடு, இப்போது முப்பத்தாறு, புல்வெளி மட்டும் அதே புல்வெளி. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மிதித்து மிதித்து மண் கல்லாகிவிட்டது, அங்கே புல் முளைத்து நாலு வருஷம் ஆகிறது. பெய்கிற மழை உள்ளே இறங்காமல் சாணியை வழித்துக்கொண்டு ஓடைக்குப் போகிறது. அதைவிடக் கொடுமை, சாணிக்குழி நிரம்பியது, மழையிலேயே மேல் புல்வெளியில் இறைத்தோம் என்று என் கையெழுத்திலேயே பதினேழு இடத்தில் இருக்கிறது. மழையில் இறைத்தால் புல்லுக்குச் சேராது, நேரே கிணற்றுக்குத்தான் போகும் என்று அந்தப் பெண் சொன்னாள்.

அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. நம்ம மாடு நம்ம புல்லைத் தின்னு நம்ம மண்ணுலதானே போடுது, ஊருக்கு என்னடி கெடுதல் என்றார். நோட்டை அடுப்பில் போடச் சொன்னார். அவரைத் தப்பாக நினைக்காதே, பயந்துபோய்ச் சொன்னது அது. நான் ஒரு பகல் முழுக்க ஜெபத்தில் இருந்துவிட்டு, நோட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கீழே போனேன். தையல் மெஷின் மேலேயே விரித்து வைத்து அந்தப் பதினேழு இடத்தையும் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கொதிக்க வெக்கச் சொன்னதும் நீங்கதானே அக்கா என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை.

அப்பா மறுவாரம் இருபத்திரண்டு மாடுகளை விற்றுவிட்டார், நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். நீ பேர் வைத்த வெள்ளைக்காலியும் அதில் போய்விட்டது, லாரியில் ஏறமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. சாயங்காலம் வேலி ஓரம் நின்று இருக்கிற பதினாலையும் எண்ணிவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறார். மேல் புல்வெளியை உழாமல், மேய்க்காமல் சும்மா விட்டிருக்கிறோம்.

தினமும் காலையில், ஆற்றுத் தண்ணீர் வருகிற பெரிய ரோட்டுக் குழாயில் இரண்டு குடம் பிடித்துக் கீழ் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருகிறேன். நான் திரும்பிய பிறகுதான் கதவு திறக்கும். மறுநாள் காலிக்குடங்கள் வாசலில் இருக்கும். நேற்று இரண்டும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்திருந்தன. அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் நோட்டில் எழுதிவைத்தேன்.

இனிமேல் சரியாகிவிடுமா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். மேல் மண்ணில் வழிவது சீக்கிரம் வந்துவிடும், ஆழத்துக்கு இறங்கிய தண்ணீர் மெதுவாகத்தான் நடக்குமாம், இன்று நாம் கிணற்றில் இறைப்பதில் பாதி எட்டுப் பத்து வருஷத்துக்கு முன் பெய்ததாம். நீ ஊரை விட்டுக் கிளம்பிய அன்றைக்கு, காலையில் மழை, இரண்டு விரல் என்று எழுதியிருக்கிறேன். அந்த மழை இப்போதுதான் கிணற்றுக்கு வந்து சேர்ந்திருக்கும். இன்றைய மழையை நான் பார்ப்பேனோ மாட்டேனோ.

உன் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆண்டவன் ஒரு குறையும் வைக்கமாட்டான், நீ நேரத்துக்குச் சாப்பிடு, கனமானதைத் தூக்காதே. பிரசவத்துக்கு இங்கே வருகிறேன் என்று எழுதியிருந்தாய். பெற்றவள் வாயால் சொல்லக் கூடாததைச் சொல்கிறேன், வராதே அம்மா. நான் அங்கே வருகிறேன். பின்னால் என்றைக்காவது பிள்ளையோடு நீ வரும்போதும், வந்ததும் வராததுமாகக் கிணற்றடிக்கு ஓடி வாளியைத் தூக்காதே. ரோட்டுக் குழாயில் பிடித்து வைத்திருப்பேன், கேட்டு வாங்கிக் குடி.

என்றும் உன் நலத்துக்காகக் கை கூப்பும்
அம்மா